சிவப்புச் சட்டைப் பிள்ளை

பரிமளம்,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. மார்க்கெட்டுக்கு ஐஸ் லொறி வரும் நேரம், நான் போகிறேன். ராத்திரி நீ தொடாத ரொட்டியைச் சுட வைத்துச் சாப்பிடு. பருப்பு சட்டியில் இருக்கிறது.

நேற்று டீவியில் பனிக்கால ஒலிம்பிக் பார்க்கும்போது அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளை ஐஸில் சறுக்கி ஆடி விழுந்ததும் சிரித்துவிட்டேன். "பொம்பளப்புள்ள விழுது, சிரிக்கிறீங்களே!" என்று டீவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். நாள் பூரா ஐஸ் கட்டி தூக்கி வழுக்கி விழுகிறவன் நான். அதன் மேல் ஒருத்தி ஆசைப்பட்டு ஆடுகிறாளே என்றுதான் சிரிப்பு வந்தது. கேலி இல்லை.

இன்று பின்னேரம் அந்தப் பிள்ளை மறுபடி ஆடுமாம். பக்கத்து வீட்டு நிரஞ்சனியும் அவள் தங்கச்சியும் பார்க்க வருவார்கள். கதிரை பத்தாது, பாய் விரி. எனக்கும் ஓர் ஓரம் விடு. வேலையால் வந்ததும் எப்படியும் தூங்கிவிடுவேன். பாவம் என்று விடாதே, அந்தப் பிள்ளை ஆட வந்ததும் தட்டி எழுப்பு.

வெளியே போனால் சாவியை நிரஞ்சனியிடம் கொடு.

இன்னொன்று. மறுபடி விழுந்தாலும் டீவியை அணைக்காதே. நேற்று அது எழும்பியதை நாம் பார்க்கவே இல்லை.