நல்லமுத்து வீட்டு வாசலில் கேட்ட உன் குரல்

புக்கிட் பெருவாங், மலாக்கா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் திருச்செல்வத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் ஜெயாவும் கடல் தாண்டிப் பிந்துலுவில் சுகமாக இருக்கும்படி காலையும் மாலையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெயாவின் இருமல் நின்றதா? ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போட வேண்டாம் என்று சொல். இங்கே கூரை ஒழுகலை ஒரு வழியாக அடைத்தாயிற்று, வந்தவன் அரைகுறையாக முடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று மறுபடியும் அவனை மேலே ஏற்றினேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், பிறகு ஜெபிப்போம் அம்மா என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை கைக்கு வரும். உட்கார்ந்து படி.

ரெம்பியாவில் நம் சபை குஞ்சம்மாவின் அண்ணன் நல்லமுத்து இறந்தது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. பத்து நாள் முன், சனிக்கிழமை காலையில் போனார், மறுநாள் ஞாயிறு மதியம் எடுத்தார்கள். குஞ்சம்மாவுக்குத் தாய் தகப்பன் முகமே நினைவில்லை, ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அந்த அண்ணன்தான். அவர் வாய்க்கு அரிசி போடலாமா கூடாதா என்று அவள் முதலில் கேட்டது என்னிடம். போய்ப் போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்தவன் என் மகன், அவனையே கேள் என்றேன். உன்னைப் பற்றிய பெருமை, வேறொன்றும் இல்லை. நீ இரண்டு ஆராதனைக்கு நடுவில் ஒரு குரல் செய்தி அனுப்பினாய். அது விக்கிரகத்துக்குப் படைத்த அரிசி, தொட்டால் உங்கள் அபிஷேகம் போய்விடும், வாசலோடு நில்லுங்கள், இதைக் கர்த்தர் எனக்கு உணர்த்துகிறார் என்று.

அவள் வாசலோடு நின்றாள், கூட நானும். அண்ணி பவானேஸ்வரி இரண்டு முறை வந்து உள்ளே கூப்பிட்டாள், மூன்றாம் முறை, செத்த பிறகுமா அவர்மேல் உனக்குக் கோபம் என்று அழுதாள். தனக்குக் கல்மனசு இல்லை என்று காட்ட குஞ்சம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை, போனை எடுத்து உன் செய்தியைப் போட்டாள். உறுமி மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போனை வாங்கி ஒலியைக் கூட்டியது நான்தான். உறுமிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். உன் குரல் சவப்பெட்டியில் கிடந்தவர்வரை போயிற்று. நீ நன்றாகத்தான் பேசியிருந்தாய், ஒரு சொல் பிசகவில்லை. அவர்கள் பெரியப்பா மாயாண்டி எழுந்து, ஏம்மா, பிந்துலுவிலேர்ந்தே பாஸ்டருக்குத் தெரியுதா இது எந்தச் சாமிக்குப் படைச்ச அரிசின்னு, நேத்து பசார்ல நான் வாங்கின அரிசி லா இது, இன்னும் எந்தச் சாமியும் கண்ணால பார்க்கல என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அரிசி போடாமலே பெட்டியை மூடினார்கள். அன்றிலிருந்து அவள் சபைக்கும் வரவில்லை, அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. நான் எந்தப் பக்கத்து ஆள் அக்கா என்று கேட்கிறாள்.

வேதத்தை விளக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அடக்கம் செய்யவும் சபை உனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு தங்கை தன் அண்ணனுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று அளக்க யாரும் கொடுக்கவில்லை. உன் கருத்தை உன் கருத்தாகச் சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள். கர்த்தர் உணர்த்துகிறார் என்ற பிறகு அவளால் என்ன கேட்க முடியும்? எதிரே இருப்பவர் வாயை அடைக்கும் சொல் அது, அதனாலேயே அதை எடுக்குமுன் நீ பயப்பட வேண்டும். உன் விசுவாசத்தை விடச் சொல்லவில்லை, பூசைச் சோறு நானும் சாப்பிடுவதில்லை, அது என் மனசாட்சி. அவளுக்கும் ஒன்று இருக்கிறது. கான்வென்டில் சிஸ்டர் அகதா ஒரு முறை நான் செய்யாத தவறுக்கு அசெம்பிளியில் என் பெயரைச் சொல்லித் திட்டினார். மறுநாள் அதே மேடையில் ஏறி, நேற்று நான் சொன்னது தவறு என்றார். அறுபது வருடம் ஆகியும் அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. என் பங்குக்கு நான் குஞ்சம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நினைத்துப் பார். பெங்கலான் பாலாக் கடலில் நீ அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, கரையில் அவள் மாற்றுத் துணியையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவர் யார்? நெற்றி நிறையத் திருநீறோடு நல்லமுத்துதான். அவர் எந்தச் சாமியிடமும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. வழக்கப்படி அண்ணன் மகனுக்குப் போர்த்த அவள் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறாள், ஆனால் வாசலைத் தாண்டப் பயப்படுகிறாள். பயப்படாதே என்று நான் சொன்னால், நீங்க பாஸ்டர் இல்லையே அக்கா என்கிறாள். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். அது கர்த்தர் சொன்னது இல்லை, நான் சொன்னது, தவறாகச் சொன்னேன், உள்ளே போங்கள் அக்கா என்று உன் குரலில் பேசி அனுப்பு. பிரசங்கம் வேண்டாம்.

ஆண்டவர் உன் ஊழியத்தையும் உன் வீட்டையும் காப்பாராக, ஜெயாவுக்கு என் முத்தங்கள். வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை இரவுக்குள் அனுப்ப மறக்காதே, அதே வாசலில் நின்று உன் குரலை நான் போடுவேன். ஒலியைக் கூட்ட எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
ரோசலின்