செம்புக் கம்பியில் கோத்த மாலை

24 நவம்பர், திங்கள்
காலையில் பட்டறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் தசரதன், கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வந்த சுபாஷ், வாசலில் மோர்ச் சொம்போடு நான். வேறு யாருமில்லை.

சுபாஷ், பட்டறையில் கடைந்த இரும்புத் தண்டை, ஷாஃப்டை, நகத்தால் வருடிப் பார்த்தார். வழவழவென்று இருக்க வேண்டியது வரிவரியாக இருந்தது. “இன்னா சாமி, ஷாஃப்ட் கேட்டா முறுக்கு சுட்டு வெச்சிகீறீங்க?”

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சபரிமலைக்குக் கிளம்புமுன் ஆர்டரை முடிக்கணும் என்று கடைசல் மெஷினான லேத்தின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். இரண்டு தடவையாகச் சீவ வேண்டியதை ஒரே தடவையில் ஆழமாகச் சீவுகிறார். நீளத் தண்டு அதிர்ந்து வரி விழுகிறது. மெஷின் அலறுவது அடுப்படி வரை கேட்கிறது.

26, புதன்
வரியை மறைக்க வழி கண்டுபிடித்துவிட்டார். ஷாஃப்ட் சுற்றும்போதே குனிந்து, உப்புத்தாளைக் கையால் பிடித்துத் தேய்க்கிறார். குனிந்தால் ஐயப்ப மாலை சட்டையிலிருந்து நழுவித் தொங்குகிறது, சுற்றுகிற தண்டுக்கு நாலு விரல் மேலே. துளசிமணி, செம்புக் கம்பியில் கோத்தது. தண்டில் சிக்கினால் அது அறாது. கழுத்துதான் — வேண்டாம், எழுத மாட்டேன்.

“சாமி, வேகத்தைக் குறைங்க. அதிர்வு நின்னா தேய்க்கவே வேணாமே.”

“குறைச்சா நாள் பத்தாது. மாலை போட்டவன மெஷின் தொடுமா? போ, சாம்பார் தீயுது.”

27, வியாழன்
சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும், இவரை மலைக்குக் கூட்டிப்போகும் மாரிமுத்து குருசாமிக்கு போன் செய்தேன். வேலை நேரத்தில் மட்டும் மாலையைக் கழற்றலாமா?

“மலையேறி எறங்குற வரைக்கும் கழட்டக் கூடாதும்மா. சாமி பாத்துக்குவாரு.”

பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த மெஷின் அலறல் எனக்குத்தானே கேட்கிறது?

28, வெள்ளி
மெஷின் ஓடும்போது சரணம் சொல்கிறேன். நின்றால் இன்னும் பயம். ஏன் நின்றது?

29, சனி
மதியம் அசந்து தூங்கினார். கட்டிங் பிளேயரால் மாலையின் செம்புக் கம்பியைப் பிடரிப் பக்கம் ஒரு இடத்தில் வெட்டி, பூ கட்டும் நூலால் ஒரே முடிச்சு போட்டேன். விரதத்தில் இருப்பவரைத் தொட்டது தப்பு. மாலையைத் தொட்டது அதைவிட. ஆனால் மாலை கழுத்தை விட்டு இறங்கவில்லை. அது போதுமா? தெரியவில்லை.

2 டிசம்பர், செவ்வாய்
மெஷின் மாலையைப் பிடித்து இழுத்தது. நூல் அறுந்தது. மணிகள் பட்டறை முழுக்க. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அவ்வளவுதான், ஐயப்பா.

3, புதன்
வேகத்தைக் குறைத்துவிட்டார். சீவுகிற டூலை வெளியே நீட்டாமல் ஒட்ட மாட்டி, மெல்லிசாகச் சீவுகிறார். அலறல் இல்லை. ஷாஃப்டில் முகம் தெரிகிறது. உப்புத்தாள் தொடவில்லை.

சோறும் தொடவில்லை. “எங்கயோ விரதம் தப்பிப்போச்சு. அதான் சாமி மாலையப் புடுங்கிக்கிச்சு. நான் மலைக்கு வரலன்னு நாளைக்குக் காலைல குருசாமிகிட்ட சொல்லிடப் போறேன்.”

தப்பு அவருடையது இல்லை. நூல் கட்டியது நான்தான் என்று சொன்னால் வேற மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போவார் — மறுபடி வேகத்தையும் கூட்டுவார். சொல்லாவிட்டால் பத்திரமாக இருப்பார், தன்னையே நொந்துகொண்டு.

ஐயப்பா, சொல்லட்டுமா? காலையில் அவர் கிளம்புமுன் எனக்குப் பதில் வேண்டும்.