இரண்டு தடவை போட்ட கரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், இந்தத் தடவை உண்மையாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். உலையை மூடப்போவதில்லை என்று நேற்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், அப்பாவுக்கும் தம்பிக்கும் வேலை நிலைத்தது, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது.

நீ கவலைப்படுவாய் என்று போன தடவை எதையும் எழுதவில்லை. இரும்பு உருக்கும் ஊதுலையின் அடிப்பக்கத்தில் குழாய் வழியாக நிலக்கரித் தூளை ஊதுவார்கள் அல்லவா, அதில் பாதிக்கு மரக்கரித் தூளை ஊதிப் பார்க்கும் பொறுப்பு உன் தம்பிக்கு வந்தது. புகையும் செலவும் குறைந்தால் உலை பிழைக்கும், இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். உன் அப்பாவோ கேண்டீனில் எல்லார் முன்னாலும், "இஸ்திரிப் பெட்டிக்குப் போடற கரியை என் உலையில ஊதுறான் பாரு" என்று சொல்லிவிட்டார். மகனுக்கு ரோஷம் வராதா? அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்பதற்குக்கூட நான்தான் தூது. அந்தக் கோபத்தை வீட்டோடாவது வைத்துக்கொண்டார்களா? அப்பா ஷிப்ட் முடிந்து இறங்கும்போதுதான் இவன் ஏறுவான், என்னென்ன செய்தோம் என்று வாயால் சொல்லிவிட்டு இறங்குவது அங்கே வழக்கம், இவர்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். ஒருநாள் இரும்பு சூடு குறைந்து வந்ததாம். அப்பா மேலிருந்து கூடுதலாகக் கல்கரி, அதுதான் உலைக்குச் சூடு தரும் சுட்ட கரி, போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது உள்ளே இறங்கிச் சூடு ஏற மணிக்கணக்காகும். இவன் போய்ப் பார்த்தால் சூடு ஏறவில்லை, கேட்க மனமில்லை, தானும் ஒரு பங்கு போட்டான். இரண்டும் சேர்ந்து சூடு எகிறி, உள்ளே போட்ட தாதும் கரியும் இறங்காமல் தொங்கி நின்று, மொத்தமாகச் சரிந்த சத்தத்தில் நம் வீட்டு ஜன்னல் ஆடியது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அவன் போனில் சொன்ன பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, மரக்கரிதான் காரணம், நிறுத்திவிடலாம் என்றாராம். அப்பா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜெயம் அவருக்குத்தான். ஆனால் எழுந்து, "பொடி மேல தப்பில்ல சார், நானும் என் பையனும் பேசிக்கல, அதான் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு வார்த்தை கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கே கிடைத்ததில்லை! மறுபடி ஊதிப் பார்க்க விட்டார்கள், இப்போது ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் காது கிழியச் சொல்லிக்கொள்கிறார்கள், இரும்பும் ஒழுங்கான சூட்டில் வருகிறது, புகையும் செலவும் குறைந்துவிட்டன.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இன்னொன்று, நான் மறைத்தாலும் அப்பா போனில் சண்டையைச் சொன்னதைக் கேட்டு, நீ அப்பா கட்சி என்று தம்பியிடம் பேசாமல் இருக்கிறாய். கட்சித் தலைவரே சமாதானமாகிவிட்டார், தொண்டருக்கு என்னடி வீராப்பு? அவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான், ஆனால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் யாரென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். இதை மடித்து வைப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிடு.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்,
உன் அம்மா.