தொட முடியாத சுவிட்ச்

8 ஒக்டோபர் 2007, திங்கள்
நேற்று மாலை இடி. கணினி அறைச் சுவரில், கணினியை வெளிக் கிளைகளோடு இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச் கருகிவிட்டது. காலையில் ஹட்டனிலிருந்து ஒருவர் வந்து புதிதாக ஒன்றைப் பூட்டிவிட்டுப் போனார். மெயின்பிரேம் என்ற பெரிய கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதா காப்பாற்றினார். ஆனால் அதற்குள் தனிக் கணினிகள் போல ஓடும் சேவர்களை எங்கள் காப்புறுதிக் கம்பனியின் எந்தக் கிளையாலும் எட்ட முடியவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது யசோதினி அக்காவின் வேலை. நான் அவருக்கு அடுத்தபடி. கனடாவிலிருந்து வந்த தன் தம்பியைப் பார்க்கக் கொழும்பு போனவர், இன்று திரும்பியிருக்க வேண்டும். அவர் போன் வேலை செய்யவில்லை.

9 செவ்வாய்
மெனேஜர் லியனார்ட் சேர் கதவை மூடிவிட்டுச் சொன்னார்: "யசோதினிய சோதனைச் சாவடியில பிடிச்சிட்டாங்களாம்மா. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை... நான் கம்பனி லெட்டரோட போறேன். நீ மெஷினப் பாத்துக்க."

வெள்ளிக்கிழமை எங்கள் மெஷினுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கொழும்பு மெஷினை நிறுத்தி, காப்புறுதிக் கிளைகள் எல்லாவற்றையும் இங்கே நுவரெலியா மெஷினுக்குத் திருப்புவார்கள். நாம் தாங்காவிட்டால் இந்த நிலையத்தையே மூடிவிடுவார்கள்.

10 புதன்
மெயின்பிரேமுக்குள் மென்பொருளால் ஆன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. சேவர்கள் அதன் வழியாகத்தான் வெளியே பேச வேண்டும். தங்களுக்குள் நன்றாகப் பேசுகின்றன. வெளியேதான் ஒன்றும் போகவில்லை. அனுமதிகளை அழித்துத் திரும்பக் கொடுத்தேன். சுவிட்சையே நிறுத்தி எழுப்பினேன். "தயார்" என்றுதான் காட்டுகிறது. தயார், தயார் — எதுக்குத் தயார்?

அழுகை வந்துருச்சு. அக்கா எங்க படுத்திருக்காங்களோ, சாப்புட்டாங்களோ. நான் இங்க மெஷினப் பத்தி யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

11 வியாழன்
காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது தோன்றியது. ஞாயிறு வரை எல்லாம் ஓடியது. மாறியது என்ன? சுவரில் இருப்பது மட்டும்தானே.

உள்ளே இருக்கும் சுவிட்ச், வெளியே அனுப்பும் ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைக் குத்தி அனுப்புகிறது. பழைய சுவிட்சுக்கு அந்த எண் தெரியும். புதியதை அப்படியே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். எண் குத்திய எதையும் அது வாசலிலேயே வீசிவிடுகிறது! மெயின்பிரேம் வயர் செருகிய போர்ட் அந்த எண்ணை ஏற்கும்படி அமைப்பை மாற்றி, சேமித்தும் வைத்தேன்.

ஹட்டன் கிளை சுகிர்தம் போனில் கத்தினாள்: "வந்துருச்சுங்க மிஸ்! எல்லாம் வந்துருச்சு!"

திரும்பிப் பார்த்தேன். சொல்ல அறையில் யாரும் இல்லை.

மாலையில் லியனார்ட் சேர் பேசினார். "விட்டுட்டாங்க. கூட்டிட்டு வர்றேன்."

12 வெள்ளி
சோதனை முடிந்தது. ஒரு கிளையும் விழவில்லை.

அக்கா பிற்பகல் வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே, போன வாரம் போட்டுக்கொண்டு போன அதே உடுப்போடு. திரையைப் பார்த்தார்.

"வெளிச் சுவிட்சோ?"

"ஆமாக்கா."

"நானெண்டாலும் உள்ளுக்கதான் தேடிக்கொண்டிருந்திருப்பன்."

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவராகவே சொன்னார்: "நுவரெலியாவில என்ன வேலை எண்டு கேட்டாங்கள். சுவிட்ச் எண்டு சொல்லிப்போட்டன். என்ன சுவிட்ச், எங்க பூட்டினது, அமத்தினா என்ன நடக்கும்... திரும்பத் திரும்ப அதுதான். தொடேலாத சுவிட்ச் எண்டு எப்பிடியப்பா விளங்கப்படுத்திறது?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

2 நவம்பர்
அக்கா விடுமுறை கேட்கவில்லை. கொழும்பில் நடந்த கம்பனிக் கூட்டத்துக்கு மட்டும் தான் போகாமல் என்னை அனுப்பினார்.

30 நவம்பர், வெள்ளி
அக்காவின் கடைசி நாள். தம்பி கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். "எனக்கு இனி ஏலாது, மெரினா." என்றார்.

3 டிசம்பர், திங்கள்
விலகியவரின் பெயரை மெஷினிலிருந்து நீக்குவது ஒழுங்கு. இனி அது என் பொறுப்பு. காலையில் செய்யவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகும் செய்யவில்லை. வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் கட்டளையை அடித்தேன். பெயரில் எங்காவது எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன்.

இல்லை. என்டரை அழுத்தினேன்.