மச்சான் சுமந்து வந்த கடல்நீர்

12 ஆகஸ்ட் 1984, ஞாயிறு

மீன்தொட்டிக்குப் போடும் வெளிநாட்டு உப்புத்தூள் தீர்ந்துவிட்டது. சமையல் உப்பைப் போட்டால் பவளம் செத்துவிடும். கடற்கரை ஊரான லூமுட்டில் இருக்கும் மச்சானுக்குப் போன் செய்து, கடல்நீர் கொண்டுவரச் சொன்னது நான்தான். இன்று அவர் ஈப்போ, தாப்பா என்று பஸ் மாறி, இரண்டு டின்களைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட் துரை எங்கள் வீட்டுக்கு மீன் பார்க்க வந்திருந்தார். டின்னில் என்ன என்று கேட்டார்.

"கடல் தண்ணியாம் துரை. நாம அமெரிக்கா உப்பு போடுறது இவருக்கு எங்க தெரியுது" என்று சிரித்தேன்.

மச்சான் என்னையே பார்த்தார். பிறகு, "ஆமாங்க துரை, நமக்கு இதெல்லாம் தெரியாது லா" என்று அவரும் சிரித்தார்.

துரை போனதும் செருப்பை மாட்டிக்கொண்டார். "தண்ணி ஜில்லுனு இருக்கு மாப்ள. அடுப்புகிட்ட வச்சு, குளிர் விட்டதும் ஊத்துங்க" என்றார். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். நேரமாகவில்லை.

"அண்ணன் கை ரெண்டும் கன்னிப்போயிருந்துச்சு" என்றாள் மனைவி.

தண்ணீரை ஊற்றினேன். பவளம் நன்றாக விரிந்திருக்கிறது. பார்க்க முடியாமல் தொட்டி விளக்கை அணைத்துவிட்டேன்.