வாஷ்பேசின் பக்கத்துக் கட்டில்

மார்ச் 4
இன்று எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முடிவு வந்த மூத்திர மாதிரிகளில் ஒன்று அக்காவுடையது. சிறுநீரகத்தில் தொற்று, காய்ச்சல் விடவில்லை. அவளுடைய கிருமியை ஒரே ஒரு ஆன்டிபயாடிக்தான் கொல்கிறது. அதை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 5
வார்டில் அக்காவுக்கு எதிர்க் கட்டிலில் இருக்கும் அம்மாவின் கிருமி அந்த மருந்துக்கும் அசையவில்லை. எதிர்க்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட்டில் இருக்கின்றன, குட்டி டிஎன்ஏ வளையம். ஒரு கிருமி அதை நகலெடுத்து அடுத்த கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு இனமென்றாலும் தாராளம்.
வார்டு டாக்டரிடம் சொன்னேன். "அது வேற கிருமி, உங்க அக்காவோடது வேற கிருமி. ஏன்மா பதறுறீங்க?"
பதறாமல் என்ன செய்வது?

மார்ச் 6
தூக்கமில்லை.

மார்ச் 8
அக்காவைப் பார்க்கப் போய்த் தள்ளியே நின்றேன். நாள் முழுக்க இந்தக் கிருமிகளோடு இருக்கிறேனே, என் கையோடு வந்துவிட்டால்? "என்னைப் பாக்க வந்தியா, என் மூத்திரத்தைப் பாக்க வந்தியாடி?" என்றாள். சிரித்துவிட்டேன்.
மிச்சமிருந்த ஜூஸைக் கட்டிலை ஒட்டிய வாஷ்பேசினில் ஊற்றினாள். எதிர்க் கட்டில் அம்மா அங்கேதான் வாய் கொப்பளிக்கிறார். நர்ஸ், பாட்டிலில் மீந்த ஆன்டிபயாடிக்கையும் அதிலேயே கவிழ்த்தார். கிருமிகளுக்குச் சாப்பாடும் மருந்தும் ஒரே கழிவுக் குழாயில் — அந்த மருந்தையும் தாண்டிப் பிழைத்துக் கிடப்பவை எவை?
குழாய்க்குள் பஞ்சை விட்டுத் துடைத்து எடுத்து வந்தேன். ஆய்வகத்தில் அக்காவின் கிருமியையும் எதிர்க் கட்டில் கிருமியையும், கிருமி வளர்க்கும் ஊட்டக் குழம்பு ஒன்றில் கலந்து வைத்தேன்.

மார்ச் 10
வாங்கிக்கொண்டுவிட்டது! கலந்து வைத்ததில் அக்காவின் கிருமி இப்போது அந்த ஒரே கடைசி மருந்திலும் ஜாம்ஜாமென்று வளர்கிறது. வாஷ்பேசின் குழாயிலும் அதே வளையம். டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வாஷ்பேசினை மூடிடலாம். அக்காவ இன்னைக்கே வேற ரூமுக்கு மாத்துறேன்."
ஆனால் இது என் ஆய்வகத்தில் நடந்தது. அவள் உடம்புக்குள் ஏற்கெனவே நடந்திருந்தால்?

மார்ச் 11
அக்காவின் புது மாதிரியை, கடைசி மருந்து கலந்த பிளேட்டில் போட்டேன். இன்குபேட்டரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். "கதவ மூடுங்க மேடம், சூடு போனா எப்படி வளரும்?" என்றார் டெக்னீஷியன்.
வளரக் கூடாதுன்னுதானே நிக்கிறேன்!

மார்ச் 13
பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. எதிர்க் கட்டில் அம்மாவுக்கு இன்னும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.
கையைக் கழுவி, மறுபடியும் கழுவி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஈரக் கையோட வந்து தொடுறா பாரு" என்று திட்டினாள். அவள் கையில் சூடு இல்லை.