ஐம்பத்தெட்டு முதலாளிகள்

ஜூன் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன் துறை அச்சடித்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து அவ்வளவு ஜோராக விழுந்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் முப்பத்தொன்பது வேலை கூடியிருக்கிறதாமே! தகரப் பெட்டித் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டி ஏழு மாதம் ஆகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள், உன் அத்தானையும் சேர்த்து. வேலை குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் நம் பெயர் வந்தால் அரசாங்கமே தொழிற்சாலையை எடுத்து நடத்தும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனிதர் தினமும் சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே!

உன் பரீட்சைக்கு மழையில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். ஞாபகம் இருக்கிறதா? கணக்கைத் திருத்து.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே. மேலதிகாரி உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, "உங்க வீட்டு விஷயம் போலிருக்கு" என்று எல்லார் முன்னாலும் நீட்டினார். மானம் போயிற்று.

நான் எதிலும் மண் போடவில்லை. வந்த படிவங்களைக் கூட்டினேன். தொழிற்சாலையில் 212 குறைவு. முதியோர் இல்லங்களில் 61 கூடுதல். சொந்தத் தொழிலில் 190 கூடுதல். விவசாயம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீயே கூட்டிப் பார்த்துக்கொள். மொத்தத்தில் வேலை கூடினால் பட்டியலில் இடம் கிடையாது. விதியை எழுதியது நானில்லை.

அப்புறம், அந்தச் சைக்கிள். இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவதாக உத்தேசம்?

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

அறுபத்தொன்று கூடியதாமே, அதில் ஒருத்தி நான். வாரத்துக்கு இரண்டு நாள் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு அலசுகிறேன். வேலை என்று அதையும் எண்ணிவிட்டாய். சரி, நூற்றுத் தொண்ணூறு சொந்தத் தொழில்கள் எங்கே இருக்கின்றன? வந்து காட்டு. எதிர் வீட்டு வெல்டர் குடை ரிப்பேர் என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். இதுவரை சரிசெய்தது அவர் வீட்டுக் குடையை. உன் அத்தான் முன்னறைச் சுவரில் ஆணியடித்து நான்கு போன் கவர் மாட்டியிருக்கிறார். மூன்று மாதமாக அதே நான்கு. நான் தினமும் தூசி தட்டுகிறேன்.

படிவத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன? படித்தவர்களுக்குக் கண் அவிந்தா போயிற்று? தோண்டிப் பார்க்கத் துப்பில்லையென்றால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

அக்கா

ஜூன் 23

அக்காவுக்கு,

தோண்டச் சொன்னாய். தோண்டினேன்.

உங்கள் தெருக்களின் கட்டு ஆவண அறையில் இருக்கிறது. எழுபத்து மூன்று படிவங்கள். அதில் ஐம்பத்தெட்டு பேர் தொழிற்சாலையில் இருந்தவர்கள். ஐம்பத்தெட்டு பேருக்கும் 'சொந்தத் தொழில், நன்றாக நடக்கிறது' என்று எழுதியிருக்கிறது. வேலை இல்லாதவர் பேருக்குக்கூட ஒருவர் இல்லை. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள் நீ. அந்தத் தற்காலிக வேலைக்கு உன் பெயரைச் சிபாரிசு செய்ததே நான்தான். நாற்பத்தோராவது படிவம் உன் வீடு.

கட்டு வந்த அன்றே எனக்குத் தெரியும். சந்தேகமானதைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அனுப்பினால் உன்னை விசாரிப்பார்கள் என்று 'சரி' முத்திரையைக் குத்தினேன். அதற்குத்தான் இந்தத் திட்டு வாங்குகிறேன்.

முப்பத்தொன்பதில் ஐம்பத்தெட்டைக் கழித்துப் பார். பத்தொன்பது குறைவு. மாவட்டம் பட்டியலுக்குள் வந்துவிடும். ஆனால், 'தெரிந்தே தவறாக எழுதினேன்' என்று நீ வாக்குமூலம் தர வேண்டும், இந்த மாதத்துக்குள். பிறகு வெளியாள் ஒருவர் வந்து வீடு வீடாக மறுபடி கேட்பார். தருவாயா, அல்லது வாய் மட்டும்தானா?

தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

நான்தான் எழுதினேன். உனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் அதை மறைத்தேன்.

நீ ஒருநாளும் ஒரு வாசலில் நின்று கேட்டதில்லை. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று நான் கேட்கும்போது பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெல்டர் ஒரு நிமிஷம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பிசினஸ்னு போட்டுக்கம்மா" என்றார். போட்டுக்கொண்டேன். அடுத்தடுத்த வீட்டிலும் அதுதான். நம் வீட்டுக்கு வந்தபோது உன் அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரோ அதிகாரி வந்ததுபோல எதிரே உட்கார்ந்தார்.

"கேளு" என்றார்.

கேட்டேன்.

"சொந்தத் தொழில். நல்லா போகுதுன்னு எழுது."

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவரின் முகத்தைப் பார்த்து நான் வேறென்ன எழுத? மேலே இருப்பவர்கள் பார்த்துத் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். மேலே இருந்தது நீ.

வாக்குமூலம் எழுதிவிட்டேன். முதலில் அவரிடம் காட்டினேன்.

"என்னை வேலை வெட்டி இல்லாதவன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

எழுந்து போய் நான்கு கவரையும் கழற்றிக் குப்பையில் போட்டார். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. தெருவிலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புது ஆள் வந்து கேட்கும்போது இவர்கள் உண்மையைச் சொல்வார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்றை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வாக்குமூலத்தில் நீ குத்திய முத்திரையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். புருஷனுக்கு வேலை வேண்டும் என்று பெண்டாட்டி கதை கட்டுகிறாள் என்றுதான் அதைப் படிக்கிறவர்கள் சொல்வார்கள். அதனால் கிழித்துவிட்டு, உள்ளபடி எழுதி, உன் கடிதத்தையும் சேர்த்து இன்று காலை உன் மேலதிகாரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

உன் வேலை போகும் என்று தெரியும். எனக்காகச் செய்தாய் என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். போனால் இங்கே வராதே. வந்து நின்றால் சோறு போட்டுவிடுவேன்.

அக்கா